வேலைக்குப் போகும் முன் யாரைக் கேட்பது?

மதுரைப் பக்கம் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்தை விசாரிக்காமல் தட்டு மாற்றுவதில்லை. கப்பலூர் சிட்கோவில் ஒரு கம்பெனி என்றால், அதன் வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடையில் விசாரணை தொடங்கும். சம்பளம் தேதிக்கு வருகிறதா, பையன் நிரந்தரமா காண்ட்ராக்ட்டா, கம்பெனி கடனில் ஓடுகிறதா என்பதெல்லாம் டீ ஆறுவதற்குள் தெரிந்துவிடும். அந்தப் பையனே அங்கே சேர்ந்தபோது இதில் பாதியையாவது கேட்டிருப்பானா என்றால், பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டான். மாமா சொல்லியிருப்பார், சேர்ந்திருப்பான்.

இதை அக்கறைக் குறைவு என்று தள்ளிவிட முடியாது. மாமாவைக் கேட்டதும் விசாரணைதான். வேலை தேடி ஊரை விட்டுப் போனவர்கள் இந்த வட்டாரத்தில் எப்போதும் யாரையாவது கேட்டுவிட்டே போயிருக்கிறார்கள். சிக்கல், யாரைக் கேட்டார்கள் என்பதில் இருக்கிறது. கங்காணி, மேஸ்திரி, மில் ஏஜென்ட், கன்சல்டன்சி என்று பெயர் மாறிக்கொண்டே வந்தது. ஆனால் வேலையைப் பற்றிய செய்தியைக் கொண்டுவருபவரும், ஆள் சேர்த்துவிட்டதற்குக் காசு பார்ப்பவரும் ஒருவராகவே இருந்தார்.

இலங்கைத் தோட்டங்களிலிருந்து தொடங்குவது நல்லது. முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் ஆள் போன மாவட்டங்களில் திருச்சி, சேலம், தஞ்சாவூரோடு மதுரையும் ராமநாதபுரமும் உண்டு. ஆள் திரட்ட வந்த கங்காணி அயலார் அல்லர். பெரும்பாலும் அதே ஊர்க்காரர், அதே சாதிக்காரர், சில வேளை சொந்தக்காரர். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுப்பவர், அந்தக் கடனுக்குக் கணக்கு வைப்பவர், தோட்டத்தில் வேலை வாங்குபவர் எல்லாம் அவரே. அவர் திரட்டிய ஆட்களில் அன்றன்று வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் காசு உண்டு. அவரிடம் போய், 'அங்கே காய்ச்சல் அதிகமா, துரை எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால் என்ன பதில் வந்திருக்கும் என்பதை யாரும் ஊகிக்கலாம்.

1904இல் இலங்கைத் தோட்ட முதலாளிகள் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு 'சிலோன் லேபர் கமிஷன்' என்ற அமைப்பை நிறுவினார்கள். அதற்குச் சற்று முன்பே தகரவில்லை முறை வந்திருந்தது. தோட்டத்தின் எண் பொறித்த தகரத்துண்டு தொழிலாளியின் கழுத்தில் தொங்கும். அதைக் காட்டினால் வழியெல்லாம் சாப்பாடும் பயணமும் கிடைக்கும். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். எந்தத் தோட்டத்துக்குப் போகிறோம் என்பது போகிறவருக்குத் தெரியாவிட்டாலும் கழுத்துத் தகரத்துக்குத் தெரியும். 1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும் பயணம் சுலபமானது. போகும் இடத்தைப் பற்றிய தகவல் மட்டும் கங்காணியின் வாயில்தான் இருந்தது.

எதிர்த் திசையில் தகவல் தாராளமாக ஓடியது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக விரும்பும் தொழிலாளி 'துண்டு' எனப்படும் சீட்டை வாங்க வேண்டும். இவ்வளவு கடன் பாக்கி, அதைக் கட்டினால் ஆளை விடுவிக்கிறோம் என்று பழைய துரை அதில் எழுதித் தருவார். புதிய துரை அதைப் படித்துக் கணக்குப் பார்த்துத்தான் ஆளை எடுப்பார். முதலாளி தொழிலாளியை விசாரிக்க எழுத்தில் ஏற்பாடு இருந்தது. தொழிலாளி முதலாளியை விசாரிக்க அப்படி ஒன்று இல்லை. துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு வந்த இந்தியக் குடிபெயர்வுச் சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும் கங்காணிக்கு உரிமம் வேண்டும் என்றன. அதைவிட முக்கியமான ஏற்பாடு வேறொன்று. வந்து சேர்ந்த ஓராண்டுக்குள் உடல்நலம் கெட்டாலோ, கொடுமை நடந்தாலோ, வேலை ஒத்துவராவிட்டாலோ தொழிலாளி இலவசமாக ஊர் திரும்பலாம் என்று ஆனது. நடைமுறையில் எத்தனை பேருக்கு இது கைகொடுத்தது என்பது வேறு விவகாரம். ஆனால் இந்த விதியை எழுதியவர்களுக்கு ஒரு விஷயம் புரிந்திருந்தது: ஒரு முதலாளியைப் பற்றி முன்கூட்டியே முழுதாகத் தெரிந்துகொள்ள எளியவரால் முடியாது, அப்படியானால் தெரிந்தபின் திரும்பி வரும் வழியாவது திறந்திருக்க வேண்டும். நூறு ஆண்டு கழித்தும் வேலையை எடைபோட இதைவிடக் கூர்மையான அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. சம்பளம் எவ்வளவு என்பதை எல்லோரும் கேட்கிறார்கள். விட்டுவிட்டு வந்தால் என்ன ஆகும் என்பதை அநேகமாக யாரும் கேட்பதில்லை.

ஹார்வி சகோதரர்கள் 1892இல் மதுரையில் நிறுவிய பஞ்சாலையின் காலத்திலும் ஆள் எடுப்பு மேஸ்திரிகளின் கையில்தான் இருந்தது. இந்தியா முழுவதும் அப்போது மில்களின் நடைமுறை அதுவே. 1931இல் அறிக்கை தந்த ராயல் தொழிலாளர் ஆணையம், வேலை கொடுப்பதற்கு மேஸ்திரிகள் கையூட்டு வாங்குவதை விரிவாகப் பதிவுசெய்தது. ஆளைச் சேர்ப்பதையும் நீக்குவதையும் அவர்களிடமிருந்து எடுத்துத் தொழிலாளர் நல அதிகாரிகளிடம் ஒப்படைக்கும்படி பரிந்துரைத்தது. அதே மில்லின் இன்னொரு முகம், திருப்பரங்குன்றத்துக்கு அருகே தொழிலாளர்களுக்காக எழுந்த ஹார்விபட்டி. அங்கே வீடு கிடைப்பது கௌரவம். 

மில் வேலை பிறகு ஊர்ப்புறத்துக்குப் பரவியது. திண்டுக்கல், விருதுநகர், கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களின் நூற்பாலைகளுக்கு மதுரை, தேனி, சிவகங்கை கிராமங்களிலிருந்து வயசுப்பெண்கள் வேன் ஏறிப் போனார்கள். சுமங்கலித் திட்டம், திருமகள் திருமணத் திட்டம், கேம்ப் கூலி எனப் பல பெயர்கள். மூன்று ஆண்டு மில் விடுதியிலேயே தங்கி வேலை பார்த்தால் முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகக் கிடைக்கும், கல்யாணத்துக்கு ஆகும் என்பதுதான் ஏஜென்ட் சொன்ன செய்தி. நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ, இந்தியக் குழு என்ற இரு அமைப்புகள் 2011 மே மாதம் வெளியிட்ட ஆய்வு இதை உலகத் துணிக்கடைகளின் வாசலுக்குக் கொண்டுபோனது. மாதாமாதம் கொடுத்திருக்க வேண்டிய கூலியில் பிடித்துவைத்த பணமே முடிவில் 'பரிசாக' வந்தது. மூன்று ஆண்டு முடியும் முன் உடம்பு முடியாமல் வீடு திரும்பிய பெண்களில் பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

இலங்கை விதியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஓராண்டுக்குள் திரும்புபவருக்கு வழிச்செலவு தரப்பட்டது. இங்கே முன்னதாகத் திரும்பியவர் உழைத்த பணத்தை இழந்தார். பெற்றோர் விசாரிக்காமல் அனுப்பினார்கள் என்று அன்று நகரத்தில் பலர் பேசினார்கள். அது அநியாயம். அவர்கள் ஏஜென்ட்டைக் கேட்டார்கள். மில் ஏற்பாடு செய்த வேனில் போய் விடுதியைக்கூடப் பார்த்தார்கள். சுத்தமான கட்டடம், டிவி, மூன்று வேளைச் சோறு. காட்டியது எதுவும் பொய்யில்லை. பாதியில் வெளியேறியவளின் வீடு எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் ஏஜென்ட் முகவரி சொல்லியிருக்கப் போவதில்லை.

உசிலம்பட்டி, செல்லம்பட்டி, சேடபட்டி வட்டாரத்தின் முறுக்குக் கம்பெனிக் கதை இன்னும் கசப்பானது. மகாராஷ்டிரம், குஜராத், ஆந்திரம் என வெளிமாநிலங்களில் முறுக்கு சுட்டு விற்கும் சிறு பட்டறைகளுக்கு இங்கிருந்து சிறுவர்கள் அழைத்துச் செல்லப்பட்டார்கள். பெற்றோர் கையில் முன்பணம் கொடுக்கப்பட்டது. விடிகாலையிலிருந்து இரவுவரை எண்ணெய்ச் சட்டியின் அருகே வேலை. மாவட்ட நிர்வாகம் பல முறை சிறுவர்களை மீட்டு, 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுத்திருக்கிறது. பட்டறை நடத்துபவர்களில் பலர் இதே பகுதியிலிருந்து போனவர்கள்தான். 'நம்ம ஊர்க்காரர் கம்பெனி' என்பதே பெற்றோருக்குப் போதுமான உத்தரவாதமாக இருந்தது. நம்பிக்கை எங்கே ஆழமோ அங்கே கேள்வி நின்றுபோகிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1970களில் எழுதியது இங்கே உதவும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் என்னும் ஊரில் அண்மையில் வேலை மாறியிருந்த 282 பேரிடம் அவர் ஆய்வு செய்தார். 56 சதவீதம் பேர் தெரிந்தவர்கள் மூலமே வேலை பெற்றிருந்தார்கள். அதில் வியப்பில்லை. ஆனால் அந்தத் 'தெரிந்தவர்கள்' பெரும்பாலும் நெருங்கியவர்கள் அல்லர். எப்போதாவது பார்ப்பவர்கள், அரிதாகவே சந்திப்பவர்கள். நெருங்கிய வட்டத்தில் எல்லோருக்கும் ஒரே செய்திதான் தெரியும், தூரத்துப் பழக்கமே புதிய செய்தியைக் கொண்டுவரும் என்பது அவர் வாதம். நம் ஊருக்கு இதைச் சற்றுத் திருப்பிப் போட வேண்டும். வேலை வாங்கித் தர இங்கே தாய்மாமன் போதும். ஆனால் அந்த இடம் எப்படி என்று கேட்க, தாய்மாமனுக்குப் பழக்கமில்லாத ஒருவர் தேவை. அவர் அங்கிருந்து விலகி வந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

விலகியவர் கோபத்தில் பேசுவார், அவர் சொல்லை எப்படி நம்புவது என்று கேட்கலாம். 'முதலாளி நல்லவரா?' என்று கேட்டால் கோபம்தான் பதிலாக வரும். கடைசி மாதச் சம்பளம் எத்தனை நாளில் கைக்கு வந்தது, பி.எஃப். பணத்தை எடுப்பதில் இழுத்தடித்தார்களா, அனுபவச் சான்றிதழ் கொடுத்தார்களா, அசல் மார்க் ஷீட்டைத் திருப்பித் தந்தார்களா என்று கேட்டால் தகவல் வரும். பல தனியார் கல்லூரிகளிலும் சிறு நிறுவனங்களிலும் அசல் சான்றிதழை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. துண்டுச் சீட்டின் பேரப்பிள்ளை அது.

பாண்டு எழுதிக் கொடுப்பதையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது என்று கல்லூரி கேன்டீனில் சொல்வார்கள். விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தந்த தீர்ப்பைப் பார்த்தால் அந்தத் துணிச்சல் குறையும். மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை நீதிமன்றம் செல்லும் என்றது. பொதுத்துறை வங்கி விளம்பரம் கொடுத்துப் போட்டித் தேர்வு நடத்தி ஆள் எடுக்கும் செலவை அது கணக்கில் கொண்டது. எல்லா நிறுவனத்தின் எல்லா பாண்டுக்கும் இது பொருந்தாது. ஆனால் கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டிய பக்கம் எது என்பதை இது காட்டுகிறது.

இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் வந்தபின், சென்னைக்கும் பெங்களூருக்கும் போகாமல் மதுரையிலேயே கணினி வேலை பார்க்கும் தலைமுறை உருவாகியிருக்கிறது. இவர்கள் விசாரிப்பதற்கு நிறுவனங்களை மதிப்பிடும் இணையதளங்கள் உண்டு. அவற்றை ஒதுக்கவும் வேண்டாம், வேதமாக்கவும் வேண்டாம். பெரிய நிறுவனத்தைப் பற்றி ஆயிரக்கணக்கானோர் எழுதும்போது ஏதோ ஒரு சராசரி உண்மை தெரிகிறது. கே.புதூரில் ஒரு மாடியில் 15 பேரை வைத்து நடக்கும் கம்பெனியைப் பற்றிப் பெயர் போடாமல் எழுதினாலும், எழுதியது யார் என்று முதலாளிக்கு மறுநாளே தெரிந்துவிடும். அதனால் யாரும் எழுதுவதில்லை. எழுதியிருந்தால் எல்லாம் ஐந்து நட்சத்திரம். பெரிய பெயரும் முழுக் காப்பீடு ஆகாது. இன்ஃபோசிஸ் 2022இல் தேர்ந்தெடுத்த பட்டதாரிகளில் ஒரு பகுதியினர் வேலைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாண்டு வரை காத்திருந்தார்கள். அப்படிச் சேர்ந்தவர்களில் சிலரும் அடங்க, 300க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் 2025 பிப்ரவரியில் மைசூரு வளாகத்தில் தேர்வில் தேறவில்லை என்று வெளியே அனுப்பப்பட்டார்கள். நிறுவனத்தின் நற்பெயர் ஒன்று, புதிதாகச் சேர்பவரின் நிலை இன்னொன்று. விசாரிக்க வேண்டியது இரண்டாவதை.

யார் வாயையும் நம்பாமல் பார்க்கக்கூடிய பதிவுகளும் இப்போது இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது வருங்கால வைப்புநிதி நிறுவனத்தின் இணையதளம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் பி.எஃப். கட்ட வேண்டும். அந்தத் தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால் எந்த மாதத்துக்கு எந்தத் தேதியில் பணம் கட்டினார்கள், எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்று வரிசையாக வரும். 200 பேர் வேலை பார்ப்பதாக நேர்காணலில் சொன்னவர் 40 பேருக்குத்தான் பி.எஃப். கட்டுகிறார் என்றால் மீதிப்பேர் யார் கணக்கில் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். மாதா மாதம் தாமதமாகக் கட்டுபவர் சம்பளத்தை மட்டும் நேரத்துக்குக் கொடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆள் எண்ணிக்கை ஆறு மாதத்தில் பாதியாகக் குறைந்திருந்தால் அதுவும் ஒரு செய்தி. வேடிக்கை என்னவென்றால், புதிதாக ஆள் எடுக்கும் நிறுவனங்கள் இதே பி.எஃப். பதிவுகளை வைத்துத்தான் விண்ணப்பித்தவர் முன்பு எங்கே எத்தனை மாதம் இருந்தார் என்று சரிபார்க்கின்றன. துரை துண்டைப் படித்த காலம் போய், இரு பக்கமும் படிக்கக்கூடிய ஏடு ஒன்று வந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டுமே அதைப் படித்துக்கொண்டிருக்கிறது.

பதிவுபெற்ற கம்பெனி என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அது தொடங்கிய தேதி, மூலதனம், கடைசியாக ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்த தேதி ஆகியவற்றைப் பார்க்கலாம். மதுரையில் இது பாதி தூரம்தான் போகும். மாசி வீதிகளின் கடைகளும் சிறு பட்டறைகளும் பெரும்பாலும் தனி உரிமையாளருடையவை, அல்லது குடும்பக் கூட்டு. அவற்றுக்கு ஜி.எஸ்.டி. பதிவைத் தவிர வெளியில் தெரியும் ஏடு கிடையாது. அங்கே கண்ணால் பார்ப்பதே வழி. ஜவுளிக்கடையில் சேரப்போகும் பெண் முதலில் துணி வாங்குபவள்போல உள்ளே போய்ப் பார்க்கலாம். விற்பனைப் பெண்களுக்கு உட்கார ஸ்டூல் இருக்கிறதா? 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் செய்த திருத்தம், பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்கிறது. ஒரு ஸ்டூல் வாங்கிப்போட மனம் வராத இடத்தில், சட்டம் சொல்லும் மற்றவை எப்படி இருக்கும் என்று அனுமானிக்கலாம். விடுதியில் தங்க வேண்டும் என்றால், 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அந்த விடுதி பதிவாகியிருக்கிறதா என்று கேட்கலாம்.

வெளிநாட்டு வேலையில் கேள்வி சுருக்கமானது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவுபெற்ற முகவர் மட்டுமே ஆள் சேர்க்கலாம். சேவைக் கட்டணம் 30,000 ரூபாய்க்கும் அதன்மேல் ஜி.எஸ்.டி.க்கும் மிகக் கூடாது. இ-மைக்ரேட் தளத்தில் பதிவுபெற்றவர் பட்டியலும், சட்டவிரோத முகவர் பட்டியலும் இருக்கின்றன. மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம், தாய்லாந்தில் டிஜிட்டல் விற்பனை வேலை என்று சொல்லி ஆட்களை மியான்மருக்குக் கடத்துகிறார்கள் என எச்சரித்தது. அடுத்த மாதம் அங்கிருந்து 13 தமிழ் இளைஞர்கள் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள். படித்தவர்கள், கணினி தெரிந்தவர்கள். இணையத்தில் தேடத் தெரிவதும், வேலை தருபவரை விசாரிக்கத் தெரிவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

திண்டுக்கல் பக்கம் நடந்த ஒன்று தனித்து நிற்கிறது. 2021 ஜனவரியில் அங்கே ஓர் ஆடைத் தொழிற்சாலையின் இளம் பெண் தொழிலாளி கொலையுண்டார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். அதன்பின் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், அந்தத் தொழிற்சாலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடும் அதனிடம் துணி வாங்கிய எச் அண்ட் எம் நிறுவனத்தோடும் 2022 ஏப்ரலில் ஒப்பந்தம் செய்துகொண்டது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். தளத்தில் வேலை பார்க்கும் பெண்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். புகார்களும் தீர்வுகளும் அறிக்கையாக வெளிவந்தன. மோசமான பெயர் வாங்கிய ஓர் ஆலையைப் பற்றி வெளியாளுக்குத் தெரிந்த அளவுக்கு, பெயர் கெடாத பக்கத்து மில்களைப் பற்றி எதுவும் தெரியாது. கெட்ட பெயர் இல்லை என்பது நல்ல பெயர் ஆகாது. சங்கம் இருக்கும் இடத்தில் புகார் வெளியே வரும். இல்லாத இடத்தில் அமைதியாக இருக்கும். அமைதியை நற்சான்றாக எடுத்துக்கொண்டதுதான் சுமங்கலி காலத்துப் பெற்றோர் பட்ட அடி.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கின்றன. நல்லதுதான். ஆனால் கடிதம் சேர்ந்தபின் வருவது. சேடபட்டியில் பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு அதற்கு முன் தேவைப்படும் தகவல் வேறு. எந்த மில்லில் தொழிலக ஆய்வாளர் எதைக் குறையாகக் கண்டார், எந்த விடுதியின் பதிவு காலாவதியானது, எந்த நிறுவனத்தின் மீது கொத்தடிமை வழக்கு நடக்கிறது என்பதெல்லாம் அரசுக் கோப்புகளில் இருக்கின்றன. கே.புதூர் வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களில் நிறுவனங்கள் வரிசையாக மேசை போட்டு உட்காருகின்றன. அந்த மேசையில் பி.எஃப். கட்டிய விவரத்தையும், கடந்த ஓராண்டில் சேர்ந்தவர் எத்தனை பேர், விலகியவர் எத்தனை பேர் என்பதையும் தமிழில் ஒரு தாளில் ஒட்டிவைக்க வேண்டும் என்று நிபந்தனை போட மாவட்ட நிர்வாகத்துக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அதே தாளைக் கிராம சபை நாளில் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்டலாம். தலைக்கு இவ்வளவு என்று பேரம் பேச வரும் ஏஜென்ட்டும் அதைப் படித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வீடு போக வேண்டியிருக்கும்.